ஏட்டுச் சுரைக்காயும் ‘அப்டேட்’ கட்டளையும்

கடந்த சில மாதங்களாக, எட்ஜ் கணினிகளை நிர்வகிக்கும் கட்டளைவரிக் கருவிகளின் உதவிப் பக்கங்களை வரிவரியாகப் படித்து வருகிறேன். வேலைக்காகப் பாதி, சொந்த ஆர்வத்துக்காகப் பாதி. படித்ததில் ஒரு சொல் மட்டும் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது: ‘அப்டேட்’. இந்தக் குறிப்பு அந்த ஒரு சொல்லைப் பற்றிய விமர்சனம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமான்னு கேட்பீங்க. அந்தச் சொல்லை நம்பி யாரோ ஒருவர் நஷ்டப்படுகிறார் என்பதால்தான் நீளம்.

முதலில் எட்ஜ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கணக்குப் போடும் வேலையைத் தூரத்து டேட்டா சென்டருக்கு அனுப்பாமல், வேலை நடக்கிற இடத்திலேயே ஒரு பெட்டியை வைத்து முடித்துக்கொள்வது எட்ஜ் கம்ப்யூட்டிங். தொழிற்சாலை, கிடங்கு, கப்பல், மருத்துவமனை, கடை, எங்கே வேண்டுமானாலும் அந்தப் பெட்டி இருக்கலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி பரனூர் சுங்கச்சாவடி வருகிறது இல்லையா? அங்கே நடப்பதும் இதே வகை வேலைதான். வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மேலே இருக்கிற ஆன்டெனா படிக்கிறது. லேனில் இருக்கும் கன்ட்ரோலர் சில வினாடிக்குள் தடையைத் தூக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். முடிவுக்கான விவரம் எங்கோ ஒரு வங்கியில் இருக்கிறது. முடிவு எடுக்கும் இடம் பரனூரில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கையாள்வதுதான் எட்ஜ் நிர்வாகத்தின் மொத்தப் பிரச்சினையும்.

ஒரு சொல், இரண்டு வேலை

மைக்ரோசாஃப்டின் ‘அஸூர் ஸ்டாக் எட்ஜ்’ இப்படிப்பட்ட ஒரு பெட்டி. வாடிக்கையாளரின் இடத்தில் வைக்கப்படும்; நிர்வாகம் அஸூர் கிளவுடிலிருந்து. இதைக் கட்டளைவரியில் கையாள ‘ஏஇசட் டேட்டாபாக்ஸ்எட்ஜ்’ என்று ஒரு கட்டளைக் குடும்பம் இருக்கிறது. பெயரிலேயே முதல் சிக்கல். ‘டேட்டா பாக்ஸ் எட்ஜ்’ என்பது பழைய பெயர். 2019இல் ‘அஸூர் ஸ்டாக் எட்ஜ்’ ஆக்கிவிட்டார்கள். கட்டளையில் மட்டும் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. சரி, அதை மன்னிக்கலாம். மெட்ராஸ் என்று பெயர் வைத்த உயர் நீதிமன்றம் இன்னும் சென்னையில் இருக்கத்தானே செய்கிறது?

இரண்டாவது சிக்கலை மன்னிக்க முடியவில்லை. இந்தக் குடும்பத்தில் ‘டிவைஸ் அப்டேட்’ என்று ஒரு கட்டளை. பெயரைப் பார்த்தால் என்ன நினைப்போம்? அந்தப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் என்று. அது அதைச் செய்யாது. கிளவுடில் அந்தப் பெட்டியைப் பற்றி இருக்கும் பதிவில் டேக் போன்ற விவரங்களைத் திருத்தும், அவ்வளவுதான். ‘இது தாம்பரம் கிளையின் பெட்டி’ என்று ஒரு சீட்டை ஒட்டலாம். பெட்டி அணைந்து கிடந்தாலும் சீட்டு ஒட்டும் வேலை நடந்துவிடும், ஏனென்றால் சீட்டு ஒட்டப்படுவது கிளவுடில் உள்ள பதிவேட்டில்.

உண்மையான மென்பொருள் புதுப்பிப்புக்கு வேறு மூன்று கட்டளைகள் இருக்கின்றன. ‘ஸ்கேன்-ஃபார்-அப்டேட்’ புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். ‘டவுன்லோட்-அப்டேட்’ அதைப் பெட்டிக்கு இறக்கும். ‘இன்ஸ்டால்-அப்டேட்’ நிறுவும். ‘அப்டேட்’ என்று தனியாக வந்தால் பதிவைத் திருத்து என்று அர்த்தம்; வேறொரு சொல்லோடு ஒட்டி வந்தால் மென்பொருளைப் புதுப்பி என்று அர்த்தம். ஒரே கட்டளைக் குடும்பத்தில், ஒரே சொல், முற்றிலும் வேறான இரண்டு வேலைகளுக்கு!

இந்த நோய் புதுசு இல்லை. டெபியன், உபுண்டு பயன்படுத்துபவர்களுக்குத் தெரியும்: ‘ஆப்ட் அப்டேட்’ எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது. என்னென்ன கிடைக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக எடுத்து வரும். மென்பொருளை மாற்றுவது ‘ஆப்ட் அப்கிரேட்’. ஆப்ட் 1999இல் டெபியன் 2.1 உடன் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை புதிதாக வருகிற ஒவ்வொரு பொறியாளரும் இதில் ஒருமுறை தடுக்கி விழுந்துதான் எழுகிறார். ஆனால் அங்கே ஒரு ஆறுதல் உண்டு. கட்டளை அடிக்கிற ஆளும் கணினியும் ஒரே மேஜையில். தப்பு உடனே கண்ணில் படும். எட்ஜில் அப்படி இல்லை.

தமிழில் யோசித்துப் பார்த்தால்

கணித்தமிழ் ஆட்கள் ‘அப்டேட்’டுக்கு ‘இற்றைப்படுத்து’ என்று ஒரு சொல் உண்டாக்கினார்கள். பலர் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பிடித்த சொல். இற்றை என்றால் இன்றைய. இற்றைப்படுத்துவது என்றால் இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. அந்தச் சொல்லை வைத்துக் கேட்டால் கேள்வி தானாகவே கூர்மையாகிவிடுகிறது: எதை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தாய்? பெட்டியையா, பெட்டியைப் பற்றிய பதிவையா?

அன்றாட வாழ்க்கையில் இந்த வேறுபாடு நமக்கு நன்றாகவே தெரியும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைத் திருத்தம் என்கிறோம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கிறோம். வீட்டை மராமத்து பார்க்கிறோம். பட்டா மாற்றம் ஆகிவிட்டது என்றால் வேலி நகர்ந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. பதிவேட்டில் ஒருவர் பெயர், நிலத்தில் வேறொருவர் பயிர் என்ற நிலை எத்தனை வழக்குகளை வளர்த்திருக்கிறது என்பதும் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்ன ஊர் இது. ஏட்டில் இருக்கும் சுரைக்காயையும் கொடியில் இருக்கும் சுரைக்காயையும் ஒரே சொல்லால் அழைக்கும் கருவியை மட்டும் நாம் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம்?

கருவியின் பக்கத்து நியாயம்

விமர்சனம் என்றால் எதிராளியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். அஸூரின் கட்டளைகள் எல்லாமே ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: உருவாக்கு, காட்டு, பட்டியலிடு, அப்டேட் செய், நீக்கு. எந்தச் சேவையை எடுத்தாலும் இதே ஐந்து வினைகள். ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றதும் கை வரும். நூற்றுக்கணக்கான சேவைகள் உள்ள ஒரு கருவியில் இந்த ஒழுங்கு சின்ன விஷயம் இல்லை. எட்ஜுக்கு மட்டும் தனி வினை வைத்தால் அச்சு உடையும்.

நியாயமான வாதம்தான். ஆனால் அந்த அச்சு பிறந்த இடம் டேட்டா சென்டர். அங்கே ஒரு வர்ச்சுவல் மெஷினின் அளவை மாற்று என்று பதிவைத் திருத்தினால், அந்தப் பதிவைப் படித்து மெஷினை மாற்றும் இயந்திரம் அதே கட்டடத்தில் இருக்கிறது. மின்சாரம், நெட்வொர்க், ஆள், எல்லாம் அவர்கள் கையில். பதிவுக்கும் பொருளுக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் ஒரே சொல் போதும். அதே அச்சை எட்ஜுக்குக் கொண்டுவரும்போது பொருள் வேறொருவர் கட்டடத்தில், வேறொருவர் மின்சாரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனை நாள் கரண்டும் நெட்வொர்க்கும் இல்லாமல் இருந்தார்கள் என்று தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு இடத்தில் இருக்கும் பெட்டிக்குக் கிளவுடிலிருந்து ‘அப்டேட்’ அடித்தால் பதில் ‘வெற்றி’ என்று வரும். எது வெற்றி?

இதே மாதிரி டேட்டா சென்டர் பழக்கம் குபர்னெட்டீஸிலும் ஒளிந்திருக்கிறது. ஒரு நோடிலிருந்து தகவல் வருவது நின்றுபோனால், வழக்கமான அமைப்பில் 300 வினாடி பொறுத்துவிட்டு, அதில் இருந்த வேலைகளை வேறு நோடுக்கு மாற்றப் பார்க்கும். டேட்டா சென்டரில் ஐந்து நிமிடம் மௌனம் என்றால் மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தம். புறநகர் கிடங்கில் ஐந்து நிமிடம் மௌனம் என்றால் கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம். கியூப்எட்ஜ் என்ற திட்டம் இதைப் புரிந்துகொண்டு, தேவையான விவரங்களை எட்ஜ் பெட்டியிலேயே ஒரு சின்ன எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. தொடர்பு போனாலும், பெட்டி மறுபடி கிளம்பினாலும், தன் வேலை என்னவென்று அதற்குத் தெரியும்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்

வேடிக்கை என்னவென்றால் விடை மைக்ரோசாஃப்டின் வீட்டிலேயே இருக்கிறது. அவர்களுடைய ஐஓடி ஹப் சேவையில் ‘டிவைஸ் ட்வின்’ என்று ஒரு அமைப்பு. ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு பத்தி: ‘டிசையர்ட்’, ‘ரிப்போர்ட்டட்’. நாம் விரும்பும் நிலையை முதல் பத்தியில் நாம் எழுதுகிறோம். தான் உண்மையில் இருக்கும் நிலையை இரண்டாவது பத்தியில் கருவி எழுதுகிறது. அமேசானின் ‘டிவைஸ் ஷேடோ’விலும் இதே இரண்டு பத்திதான், கூடவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ‘டெல்டா’ என்று தனியாகக் காட்டும். குபர்னெட்டீஸில் ‘ஸ்பெக்’, ‘ஸ்டேட்டஸ்’. அங்கே ‘ரோல்அவுட் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு கட்டளை அடித்தால், மாற்றம் உண்மையிலேயே நடந்து முடியும்வரை காத்திருக்கும். ஒரு டிப்ளாய்மென்ட் 600 வினாடியில் முன்னேறவில்லை என்றால், முன்னேறவில்லை என்று ஒப்புக்கொள்ளும்.

இணையத்தின் அடிப்படை நெறிமுறையான எச்டிடிபியிலேயே இந்த நேர்மை இருக்கிறது. 200 என்றால் ‘முடிந்தது’. 202 என்றால் ‘வாங்கிக்கொண்டேன், முடிப்பேனா என்று இப்போது சொல்ல முடியாது’. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தால் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டு மாதிரி. ஒப்புகைச் சீட்டை ஆணை என்று எண்ணிக் கொண்டாடுகிறவர்கள் யாரும் இல்லை. கட்டளைவரிக் கருவிகள் அடியில் இந்த 202ஐத்தான் வாங்குகின்றன. ‘நோ-வெயிட்’ என்ற விருப்பத்தோடு ஓடவிட்டால் அதோடு திரும்பியும் விடுகின்றன. அதை ஒரு ஸ்கிரிப்டில் போட்டால், ஸ்கிரிப்டின் கண்ணுக்கு முடிந்ததும் வாங்கிக்கொண்டதும் ஒன்றே. இரண்டுக்கும் வெளியேறும் குறியீடு பூஜ்யம்.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அஸூர் ஸ்டாக் எட்ஜ் கட்டளைகளில் ‘ஷோ-அப்டேட்-சம்மரி’ என்று ஒன்று இருக்கிறது. அது தரும் விடை நேர்மையானது. பெட்டியின் இப்போதைய பதிப்பு எண், கடைசியாக எப்போது ஸ்கேன் ஆனது, எத்தனை புதுப்பிப்பு இறக்கக் காத்திருக்கிறது, எத்தனை நிறுவக் காத்திருக்கிறது, நிறுவினால் ரீபூட் ஆகுமா, எல்லாம் அதில் உண்டு. என் குறை ஒன்றுதான்: இந்தக் கட்டளையைத் தேடிப் போய் அடிக்க வேண்டியிருக்கிறது. ‘அப்டேட்’ அடித்தவுடன் முகத்துக்கு நேரே வர வேண்டிய விவரம் இது.

சுங்கச்சாவடி கற்றுக்கொடுக்கும் பாடம்

மறுபடி பரனூருக்கு வருவோம். ஃபாஸ்டேக் அமைப்பை நடத்துவது என்பிசிஐ. பழைய ஐசிடி 2.4 முறையில், இருப்பு குறைந்த அல்லது தடை செய்யப்பட்ட டேக்குகளின் நிலை சாவடிகளுக்கு அவ்வப்போது அனுப்பப்படும். சாவடி தன் கையில் உள்ள பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும். அதாவது வீட்டில் உட்கார்ந்து ரீசார்ஜ் செய்துவிட்டீர்கள், வங்கியின் ஏட்டில் பணம் ஏறிவிட்டது, ஆனால் சாவடியின் கையில் இருப்பது பழைய பட்டியல். நீங்கள் ‘அப்டேட்’ ஆகிவிட்டீர்கள், சாவடி ஆகவில்லை. தடை தூக்காது.

2025 ஜனவரி 28 அன்று என்பிசிஐ ஒரு சுற்றறிக்கை விட்டது; பிப்ரவரி 17 முதல் அமல். டேக் படிக்கப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு மேல் முன்பிருந்தே தடையில் இருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரையும் தடையிலேயே இருந்தால், அந்தப் பரிவர்த்தனை 176 என்ற குறியீட்டோடு நிராகரிக்கப்படும். ‘ஒரு மணி நேரத்துக்கு முன்பே ரீசார்ஜ் செய்யாவிட்டால் இரட்டைக் கட்டணம்’ என்று செய்தி பரவி ஒரே களேபரம். உடனே தேசிய நெடுஞ்சாலை ஆணையம் விளக்கம் கொடுத்தது: இது டேக் நிலை பற்றி வங்கிகளுக்குள் வரும் தகராறைத் தீர்ப்பதற்கான விதி, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகள் எல்லாம் ஐசிடி 2.5 முறையில் இயங்குகின்றன, அதில் டேக் நிலை உடனுக்குடன் தெரியும், சாவடியைக் கடப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாம். மாநில நெடுஞ்சாலைகளில் சில சாவடிகள்தான் அப்போது 2.4இல் இருந்தன.

எல்லோரும் அந்தச் சுற்றறிக்கையைத் திட்டினார்கள். ஒரு பொறியாளனாக எனக்கு அதில் ஒரு விஷயம் பிடித்திருந்தது. ஏட்டுக்கும் களத்துக்கும் இடையே தாமதம் இருக்கிறது என்பதை ஒளிக்காமல், அந்தத் தாமதத்துக்கு 60, 10 என்று நிமிடக் கணக்கில் எண் போட்டார்கள். எண் இருந்தால் வாதாட முடியும். ‘அப்டேட் வெற்றி’ என்ற பதிலோடு எப்படி வாதாடுவது?

இன்னொன்றும் கவனியுங்கள். 2018இல் நெடுஞ்சாலைக் கட்டண விதியில் ஒரு திருத்தம் வந்தது. செல்லுபடியாகும், போதுமான இருப்புள்ள ஃபாஸ்டேக் உங்களிடம் இருந்து, சாவடியின் மின்னணுக் கருவி பழுதாகி அதைப் படிக்க முடியவில்லை என்றால், கட்டணம் இல்லாமல் உங்களை விட வேண்டும், பூஜ்ய ரசீதும் தர வேண்டும். கருவியின் குறைக்கு வண்டிக்காரர் பொறுப்பல்ல என்று விதி சொல்கிறது. நடைமுறையில் எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும், வரிசையில் பின்னால் ஹாரன் அடிக்கும்போது எத்தனை பேர் நின்று வாதாடுவார்கள் என்பது வேறு கதை. ஆனால் தாமதத்தின் செலவை யார் தலையில் வைப்பது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கட்டளைவரிக் கருவிகளை வடிவமைப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதனால் செலவு தானாகவே பெட்டிக்கு அருகே நிற்கும் ஆளின் தலையில் விழுகிறது. “சார், அப்டேட் போட்டாச்சு” என்பார் ஹெட் ஆபீஸ்காரர். “இங்க இன்னும் பழசேதான் சார் காட்டுது” என்பார் கிடங்குக்காரர். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனால் நம்பப்படுவது முதலாமவர், ஏனென்றால் அவர் திரையில் ‘வெற்றி’ என்று இருக்கிறது.

அப்போ உடனே எல்லா இடத்துக்கும் போகணுமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. தாமதமே கூடாது, ஒரு கட்டளையில் எல்லாப் பெட்டியும் மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று 2024 ஜூலை 19 காட்டியது. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் ஒரு கோப்பை வெளியிட்டது, இந்திய நேரப்படி காலை 9:39க்கு. தப்பு என்று தெரிந்து 10:57க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடம்தான். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. சென்னை உட்பட நம் விமான நிலையங்களில் செக்-இன் தடுமாறியது. நாட்டில் சில இடங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அனுப்புவது ஒரே இடத்திலிருந்து நடந்தது. சரிசெய்வது ஒவ்வொரு கணினியாக, பெரும்பாலும் கையால் நடந்தது.

ஆக, வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. மெதுவாக, படிப்படியாகப் போவதுதான் எட்ஜில் நல்லது. ஆனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் கருவி சொல்ல வேண்டும். ஸ்கேன், டவுன்லோட், இன்ஸ்டால் என்று மூன்றாகப் பிரித்ததை நான் பாராட்டுவதும் அதனால்தான். இறக்குவதை இரவில் மெதுவாகச் செய்யலாம். நிறுவுவதை, பெட்டி ரீபூட் ஆனாலும் பரவாயில்லை என்ற நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

நான் கேட்பது மூன்றே மாற்றம்

ஒன்று, பதிவைத் திருத்துவதற்கும் பெட்டியை மாற்றுவதற்கும் வேறு வேறு வினை. கூகுளின் ஜிகிளவுட் கருவியில் கிளஸ்டர்களுக்கு ‘அப்டேட்’ தனி, பதிப்பை உயர்த்தும் ‘அப்கிரேட்’ தனி. பூரணம் இல்லைதான், ஆனாலும் ஒரு கோடாவது போட்டிருக்கிறார்கள்.

இரண்டு, ஒவ்வொரு பதிலிலும் ஒரு நேரமுத்திரை: இந்தப் பெட்டியோடு கடைசியாகப் பேசியது எப்போது. ‘பதிவு திருத்தப்பட்டது, பெட்டி கடைசியாகத் தொடர்பில் இருந்தது 3 நாளுக்கு முன்’ என்று ஒரு வரி வந்தால் போதும். தொலைபேசியில் நடக்கும் பாதிச் சண்டை நின்றுவிடும்.

மூன்று, ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதற்கும் ‘முடித்துவிட்டேன்’ என்பதற்கும் வெவ்வேறு வெளியேறும் குறியீடு. மனிதர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஸ்கிரிப்டுக்கும் தெரிய வேண்டும். பழைய ஸ்கிரிப்டுகள் உடைந்துவிடும் என்பார்கள். விருப்பமாகக் கொடுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும்.

‘மேனுவலைப் படிச்சா தெரியுமே’ என்று ஒரு நண்பர் சொன்னார். படித்தால் தெரியும்தான், நான் படித்துத்தானே இதை எழுதுகிறேன். ஆனால் மேனுவலைப் படிக்கிற ஆளும் அதனால் நஷ்டப்படுகிற ஆளும் எட்ஜில் ஒரே ஆள் இல்லை. கிடங்கில் நிற்பவருக்கு மேனுவல் கிடையாது, கட்டளைவரியும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது மறுமுனையில் இருப்பவர் படித்துச் சொல்லும் ஒற்றைச் சொல் மட்டும். அந்தச் சொல் ‘வெற்றி’யாக இருந்தால், பெட்டி சரியாக இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவர்மேல் விழுகிறது.

உங்கள் அலுவலகத்தில் தூரத்துப் பெட்டிகளைக் கட்டளை அடித்து நிர்வகிக்கிறீர்கள் என்றால், இந்த வாரம் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்க. சோதனைக்கென்று வைத்திருக்கும் ஒரு பெட்டியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக அடிக்கும் அதே அப்டேட் கட்டளையை அடியுங்கள். திரையில் என்ன வருகிறது என்று பாருங்கள். வந்த பதிலில் கேபிள் கழன்றிருப்பதற்கான அறிகுறி ஒன்றுகூட இல்லை என்றால், நீங்கள் இத்தனை நாள் திருத்திக்கொண்டிருந்தது ஏட்டை மட்டும்தானா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.